பத்தர் பாலிஷ் போட்ட பிரேக்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோட்டையூரில் எங்கள் வீட்டு முன்அறை. அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை. எங்கள் வீட்டுக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு வெள்ளைத் துணி. துணியின் மேல் மோட்டார்சைக்கிளின் பின் பிரேக் ஷூ இரண்டு.

வலது கண்ணில் லென்ஸ் மாட்டியிருக்கிறார். கையில் பாலிஷ் துணி. நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கிறது. கல்யாணத்துக்கு முதல் நாள் அட்டிகைக்கு மெருகு போடும்போது வருமே, அந்த முகம்.

"மீனா, இங்குட்டு வா. வந்து பாரு. உன் முகம் தெரியும்."

கரண்டியும் கையுமாகப் போனேன். கழற்றி வைத்திருந்த பின்சக்கரத்தின் நடுக்குழியைக் காட்டினார். அதற்கு டிரம் என்று பெயர். ஷூ இரண்டும் அதன் உள்ளே உட்கார்ந்து, நாம் மிதிக்கும்போது விரிந்து அதன் சுவரைப் பிடிக்கும், சக்கரம் நிற்கும். குனிந்து பார்த்தேன். தெரிந்தது. மூக்கு மட்டும் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது.

எனக்கும் சந்தோஷம்தான். பிரேக்கில் முகம் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று அந்த நிமிஷம் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஏற்கெனவே ஒரு தடவை கோட்டைவிட்டாயிற்று. இதையும் விட்டால் வேலை போய்விடும். இன்னும் சேரவே சேராத வேலை.

ஊசி பிடிக்கிற கை

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு நான் மதுரையில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்த கதை தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படித்தேன், கொஞ்ச காலம் ரத்தம் எடுத்தேன், கல்யாணம் ஆனது, பையன் பிறந்தான், அப்புறம் மிளகாய் அரைத்தேன்.

ரத்தம் எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நரம்பைக் கண்ணால் தேடக் கூடாது, விரலால் தேட வேண்டும். விடுதியில் நாங்கள் ஒருத்தி கையை ஒருத்தி தடவித் தடவிப் பழகுவோம். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ. அந்தப் பழக்கம் போகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கை பருமனாக இருந்தால், இவருக்கு எங்கே குத்துவது என்று மனசு தானாக ஓடும்.

பையன் திருச்சிக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் எனக்கும் குக்கருக்கும்தான் பேச்சுவார்த்தை. ஒருநாள் துணிந்து காரைக்குடியில் ஒரு லேப் படியேறிவிட்டேன். அங்கே இருந்த மேடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் கையை நீட்டி, "எடுங்க பாப்போம்" என்றார். எடுத்தேன். "குத்துனதே தெரியலையே!" என்றார்.

வேலை இதுதான். காலையில் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து, சீக்கிரமாக லேப்புக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கோட்டையூர், நேமத்தான்பட்டி, அதையும் தாண்டி. டவுன் பஸ்ஸை நம்பிப் போனால் அவர்கள் பசியில் என்னைச் சாபம் விடுவார்கள். சொந்த வண்டி வேண்டும், லைசென்ஸ் வேண்டும்.

"இன்னொரு பொண்ணும் கேட்டிருக்கு. அதுகிட்ட ரெண்டும் இருக்கு. உங்க கைக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன். இந்த வாரக் கடைசி வரைக்கும் பாக்குறேன், அதுக்கு மேல என்னால முடியாது" என்று மேடம் சொல்லிவிட்டார்.

வீட்டில் இருந்தது எங்கள் வீட்டுக்காரரின் பழைய மோட்டார்சைக்கிள். எங்கள் மகனைவிட நாலைந்து வயது சின்னது, அவ்வளவுதான் வித்தியாசம். பையன் லீவுக்கு வந்தபோது கற்றுக்கொடுத்தான். கியர், கிளட்ச் எல்லாம் வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்று. பிரேக் பிடிக்கிற தைரியம்.

ஊருக்கே கேட்கும்

அந்தப் பின் பிரேக்கை மிதித்தால் வருமே ஒரு சத்தம். 'கீஈஈச்' என்று, தகரத்தில் ஆணியை இழுக்கிற மாதிரி. தெருமுனையில் மிதித்தால் படுத்திருக்கிற நாய் எழுந்து நிற்கும். டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஓட்டும்போது யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் வண்டி, அவர் சத்தம். நான் ஓட்டினால் மட்டும், "பத்தர் சம்சாரம் வருது டோய், ஒதுங்குங்க!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரேக்கை மிதிப்பதையே விட்டுவிட்டேன். முன் பிரேக்கைத் தனியாகப் பிடித்தால் குப்புறத் தள்ளிவிடும் என்று பையன் பயமுறுத்தியிருந்தான், அதனால் அதையும் தொடுவதில்லை. தூரத்தில் மாடு தெரிந்தால் இங்கேயே கியரைக் குறைப்பேன். திருப்பம் வந்தால் காலைத் தரையில் தேய்ப்பேன். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

அந்தப் பழக்கம் டெஸ்டில் காட்டிக்கொடுத்துவிட்டது. எட்டு போட வேண்டும், கால் தரையில் படக் கூடாது. முதல் வளைவு தாண்டியாயிற்று. இரண்டாவது வளைவில் வேகம் அதிகமானது போல் இருந்தது, மிதித்தேன். கீஈஈச். வரிசையில் நின்ற பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், தரையில் ஊன்றினேன்.

"கால் வச்சாச்சும்மா. மறுபடி வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

வீடு வரும்வரை அழவில்லை. வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்தேன், வசதியாகப் போயிற்று.

மெருகு வியாதி

அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்காரர், "நான் சரி பண்ணித் தாரேன்" என்றார்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகைப் பத்தர். காரைக்குடியில் ஒரு நகைக்கடையின் பட்டறையில் வேலை. நாளெல்லாம் கீறலைத் தேடித் தேடி அழிக்கிறவர். அந்த வியாதி வீட்டுக்கும் வந்துவிடும். குழாய், கதவுத் தாழ்ப்பாள், குக்கர் மூடி, எது கையில் கிடைத்தாலும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து, மெருகேற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

கல்யாணமான புதிதில் விருந்துக்கு எங்கள் அம்மா வீட்டுக்குப் போனோம். காலையில் எழுந்து பார்த்தால் மாப்பிள்ளை குத்துவிளக்கைக் கழற்றிப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு ஒரே அவமானம். "நான் வெளக்கவே இல்லைன்னு குத்திக் காட்டுறாகளா?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். குத்திக் காட்டத் தெரிந்தவராக இருந்தால் நான் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டேன். மனசில் இருப்பதை வாயைத் திறந்து சொல்ல மாட்டார். எல்லாவற்றையும் தேய்ப்பார்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பத்தர் கை வைத்த நகையை முடிக்கிறவரை இன்னொரு பத்தர் தொட மாட்டார். அது அவர்கள் பட்டறையில் வழக்கம். இவர் அதைப் பிரேக் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். "மெயின் ரோட்டுல ஜாபர் பாய் மெக்கானிக் கடை இருக்குல்ல, குடுத்துட்டா என்ன?" என்று கேட்டேன்.

"நான் கை வச்சாச்சு. என் கையில ஆகாதது அவன் கையில ஆகிருமாக்கும்?"

வைத்தார். ஷூவைத் தண்ணீரில் ஊறவைத்தார், காயவைத்தார், மெழுகு பாலிஷ் ஏற்றித் தேய்த்தார். டிரம்முக்குப் பாலிஷ் மோட்டாரையே எடுத்துவந்துவிட்டார். அப்போதுதான் என் முகம் தெரிந்தது.

மணல் நிறுத்தியது

சாயங்காலம் சக்கரத்தை மாட்டினார். நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஏறினேன். இவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் தடவை லேசாக மிதித்தேன். சத்தமே இல்லை! "ஆஹா!" என்று கத்தினேன். வாசலில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பூவாக மலர்ந்துவிட்டது. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தேன். மறுபடி மிதித்தேன். கால் இறங்குகிறது, வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போகிறது. பயந்துபோய் முழு பலத்தையும் போட்டு மிதித்தேன்.

கீஈஈஈஈஈச்!

பழைய சத்தத்துக்கு அப்பன். வண்டி அப்போதும் நிற்கவில்லை. எதிர்வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் முன்சக்கரம் ஏறிப் புதைந்த பிறகுதான் நின்றது. மணல் நிறுத்தியது, பிரேக் இல்லை.

இவர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பயம் போனதும் கோபம் வந்தது. என் கோபம் வாய் வழியாகத்தான் வரும்.

"நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலை. அதான? அதுக்குத்தான் இப்படிப் பண்ணி வச்சிருக்கீக!"

அவர் மணலிலிருந்து வண்டியைப் பின்னால் இழுத்தார். ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"எங்குட்டுப் போறீக?"

"ஜாபர் கடைக்கு."

ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பின்னால் ஓடினேன்.

கீறுங்க பத்தரே!

ஜாபர் பாய் கொஞ்ச காலம் சவுதியில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். அங்கே தான் பார்க்காத வண்டியே இல்லை என்று இன்றைக்கும் பேசுவார். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா! பத்தரே, இதை யார் கழுத்துல போடப் போறீக?"

சிரித்தார், சிரித்தார், இருமல் வருகிறவரை சிரித்தார். எங்கள் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஜாபர் பாய் மேல் கோபம் வந்தது. என் புருஷனை நான் திட்டலாம், இவர் யார் சிரிக்க?

"அண்ணே, சிரிச்சது போதும். செவ்வாக்கெழம டெஸ்ட்டு. வண்டி நிக்குமா நிக்காதா, அதைச் சொல்லுங்க."

"நிக்கும் தங்கச்சி, ஏன் நிக்காது? இது ஒண்ணை ஒண்ணு கவ்வணும். சொரசொரன்னு இருந்தாத்தான் கவ்வும். இவுக பளபளன்னு பண்ணி, மெழுகையும் ஏத்தி வச்சா வழுக்காம என்ன பண்ணும்? முதல்ல கத்துனதும் அதே கதைதான். தேஞ்சு தேஞ்சு பளபளத்துப் போச்சு, உள்ள தூசி வேற. இந்த ஷூ இனி ஆகாது, புதுசு போட்டுருவோம்."

புது ஷூவை டப்பாவிலிருந்து எடுத்தார். ஓரங்களை லேசாகத் தேய்த்துவிட்டார். உள்ளே அசைகிற இடத்தில் துளி கிரீஸ் வைத்தார். பிறகு டிரம்மைப் பார்த்தார். ஒரு முரட்டு உப்புத்தாளைக் கிழித்து எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

"நீங்க கை வச்ச சாமான், நான் தொட மாட்டேன். இந்தக் கண்ணாடிய நீங்களே கெடுங்க."

கேலியா மரியாதையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் அதை மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டார். சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உப்புத்தாளை டிரம்மின் சுவரில் வைத்தார். கை போகவில்லை. குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி தடவுகிறார்.

"கீறுங்க பத்தரே! கீறல் விழணும்!"

"விழுதுல்ல."

"எங்க விழுது? என் தாடிய விட மெத்துன்னு இருக்கு. நல்லா அழுத்துங்க!"

மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினார். சொர்ர்ரென்று முதல் கீறல் விழுந்தது. அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. பிறகு இன்னொன்று. குறுக்கே இன்னொன்று. நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சக்கரம் நழுவாமல் பிடித்துக்கொண்டேன்.

தேய்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"பிடிக்காமப் பண்ணேன்னு சொன்னியே. பிடிக்காதவன் ஞாயித்துக்கெழம அதுவுமா உக்காந்து இத்தனை நேரம் தேய்ப்பானா?"

"எனக்கு எப்படித் தெரியும்? குக்கரையும்தான் தேய்க்கிறீக. இத்தனை நாளுல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, மீனா நீ வேலைக்குப் போன்னு சொல்லியிருக்கீகளா?"

அவர் இன்னும் அழுத்தித் தேய்த்தார். ஜாபர் பாய் திடீரென்று ஸ்பேனர் தேடுவதில் மும்முரமாகிவிட்டார்.

சக்கரத்தை மாட்டி, பின்னால் நட்டைத் திருகி மிதி அளவு சரிபார்த்தார்கள். "புது ஷூ தங்கச்சி, பழகணும். இந்த ரோட்டுலயே அங்குட்டும் இங்குட்டும் போயி மெல்ல மெல்ல மிதிச்சுக்கிட்டே இரு" என்றார் ஜாபர் பாய்.

போனேன். மிதித்தேன். லேசாக ஒரு உரசல், அவ்வளவுதான். நின்றது. மறுபடி போனேன். புளியமரத்தடியில் நில் என்று நினைத்தால் புளியமரத்தடியில் நின்றது. டீக்கடை எதிரே வேண்டுமென்றே மிதித்தேன். ஒருத்தரும் திரும்பவில்லை. எனக்குக் குஷி தாங்கவில்லை. பொழுது சாய்கிறவரை ரோட்டை அளந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு வண்டி ஓட்ட வந்தது என்று சொல்ல வேண்டும். நிறுத்த முடியும் என்று தெரிந்த பிறகு ஓட்டுவதில் என்ன பயம்?

கடை வாசலில் பழைய டயர் மேல் ஜாபர் பாயும் எங்கள் வீட்டுக்காரரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கடக்கும்போதெல்லாம் ஜாபர் பாய் கை காட்டினார். இவர் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு

செவ்வாய்க்கிழமை டெஸ்டுக்குப் போகும்போது அவர்தான் ஓட்டினார். நான் பின்னால். அவர் அன்றைக்கு வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டிருந்தார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

அதே இன்ஸ்பெக்டர். வரிசையில் வேறு பையன்கள், ஆனால் அதே சிரிப்புதான் வாயில் தயாராக இருந்தது. என் முறை வந்தது. முதல் வளைவு. வேகம் கொஞ்சம் கூடியது, மிதித்தேன். வண்டி அடங்கியது. இரண்டாவது வளைவு. இங்கேதான் போன தடவை விழுந்தது மானம். மிதித்தேன். வண்டி சொன்ன பேச்சு கேட்டது. கால் மிதியிலேயே இருந்தது. எட்டு முடிந்து கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"ம். அடுத்து" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் நகரவில்லை. "சார், நானு?"

"பாஸும்மா. வழிய விடுங்க, அடுத்த ஆள் வரணும்ல."

வெளியே வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பாஸ் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வண்டியிலிருந்து இறங்கப் போனேன், வழக்கம்போல அவர் ஓட்டட்டும் என்று.

"எறங்காத" என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். "என்னையக் கடையில விட்டுட்டு நீ லேப்புக்குப் போ."

கடை வாசலில்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ஓட்டி அவர் பின்னால் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. பின்னால் இருக்கிற கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார் என்பது வண்டி ஆடாமல் வந்ததிலேயே தெரிந்தது. காரைக்குடிக் கடைத்தெரு. ஆட்டோ, மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் நின்று நின்று போனேன்.

நகைக்கடை வாசலில் பட்டறை ஆட்கள் நாலைந்து பேர் டீ கிளாஸோடு நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரே கொண்டுபோய் நிறுத்தினேன். அதில் ஒருவர் கண்ணைச் சிமிட்டினார்.

"என்ன பத்தரே, வண்டி கைமாறிருச்சு போல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவர் பாவம், என்ன சொல்லி மழுப்பப் போகிறாரோ என்றிருந்தது. இவர் நிதானமாக இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். கடைக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எங்க வீட்டுல லேப்ல வேலை பாக்குறாக. விடியக்காலம் நேமத்தான்பட்டி வரைக்கும் போகணும், எனக்கு எதுக்கு வண்டி? ரத்தம் எடுத்தா, எடுத்ததே தெரியாது. அப்படிக் கை. உங்க வீட்டுல யாருக்காச்சும் எடுக்கணும்னா சொல்லுங்க."

என்னைப் பற்றி அவர் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. அவரே பேசி முடித்துவிட்டுத் திகைத்துப்போய் நின்றார். நான் இன்னும் லேப்பில் சேரவே இல்லை. ஹெல்மெட்டுக்குள் என் கண்ணிலிருந்து கொட்டுகிறது, துடைக்கவும் முடியவில்லை.

"சாயங்காலம் எப்படி வருவீக?" என்று கேட்டேன்.

"டவுன் பஸ்ஸு இருக்குல்ல. நீ போ மீனா, வேலைக்கு நேரமாச்சு."